முதுகுச் சதை

ஏரிக்கரைச் சந்தையில் அவனை முள்ளெடுப்பான் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் வரும். ஏழு மீன்வெட்டிகள் உட்காரும் அந்தத் தகரக் கொட்டகையில், விராலின் முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை விட்டு, ஒரே இழுப்பில் ஒரு முள்கூட நிற்காமல் சதையைத் தனியாக எடுத்துத் தர அவனால்தான் முடியும். பல் போனவர்களும் பல் முளைக்காத பிள்ளைகளைப் பெற்றவர்களும் அவன் வெட்டுக்கட்டைக்கு முன்னால்தான் வரிசை நிற்பார்கள். மற்ற ஆறு பேருக்கும் வயிற்றெரிச்சல். "அவன் கத்திக்கு மட்டும் கண்ணு இருக்கு" என்று நொடிப்பார்கள். அவனுக்கு அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும்; இல்லையென்று சொன்னால் பொய்.

மழை பிடித்த முதல் வாரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு, இரண்டு ஐஸ் பெட்டி, உள்ளங்கை அகலத்தில் ஒரு தராசு. நல்ல பெரிய விராலாகப் பார்த்து வாங்கி, கொட்டகை ஓரத்தில் பலகை போட்டு, சின்னக் கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு அதைக் குத்திக் குதற ஆரம்பித்தாள். முள்ளெடுப்பான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். அதற்கு மேல் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

"மேடம், கொஞ்சம் தள்ளுங்க. அது ஏற்கெனவே செத்துடுச்சு. நீங்க வேற மறுபடி கொல்லணுமா?"

அவள் சிரித்துவிட்டாள். "உங்களால முடியுமாண்ணா? எனக்குத் தோல் வேண்டாம், கொழுப்பு வேண்டாம், குடல் வேண்டாம். முதுகுச் சதை மட்டும் வேணும். வெள்ளையா, சுத்தமா."

"இவ்வளவுதானா?"

இரண்டு நிமிடம். ஈரத் துணி மாதிரி நீளமாக ஒரு சதைத்துண்டு பலகையில் கிடந்தது. அடிவயிற்றுக் கொழுப்பு, பக்கவாட்டில் ஓடும் ரத்தக்கோடு எல்லாம் தனியாகக் குப்பைக் கூடைக்குப் போயிருந்தன. அந்தப் பெண் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எங்க லேப்ல யாருக்கும் இது வராது" என்றாள்.

"பழக்கம்தான் மேடம். என் வீட்டுக்காரி மாசமா இருந்தப்போ பத்து மாசமும் தினம் இப்படித்தான் வெட்டிக் குடுத்தேன். அந்த வருஷம் ஏரித் தண்ணி சரியில்ல. நமக்கு எதுக்கு வம்புன்னு தோல், குடல், கொழுப்பு, தலை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, நீங்க கேட்ட மாதிரியே வெள்ளைச் சதை மட்டும். அதுவும் பெரிய விராலாப் பாத்து. சின்னதுல கொழுப்பை முழுசா எடுக்க வராது பாருங்க."

சீட்டில் எடையை எழுதிக்கொண்டிருந்தவளின் பேனா நின்றது.

"தினமுமா அண்ணா?"

"தினமும். டாக்டரம்மா புரதம் நிறைய சாப்பிடச் சொன்னாங்க. அவ முகத்தைச் சுளிப்பா, குமட்டுதும்பா. நான் விடுவேனா? 'ஒரு வாய், ஒரே ஒரு வாய்'னு கெஞ்சி ஊட்டி விட்டுடுவேன்."

அவள் பேனா மூடியைத் தேடி எடுத்து மூடினாள். மூடி கையில்தான் இருந்தது, அதைத் தேட அவளுக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. முள்ளெடுப்பான் ஆயிரம் வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்த்தவன். யார் விலை கேட்டுவிட்டுப் போய்விடுவார், யார் வாங்குவார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவான். அவள் முகத்தில் என்னவோ சரியில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன மேடம்? எதைத் தேடுறீங்க இந்த மீனுக்குள்ள?"

"பாதரசம்" என்றாள்.

ஆற்றின் மேற்கரையில், பாதரசம் வைத்துக் காஸ்டிக் சோடா தயாரித்த ஒரு தொழிற்சாலை மூடிக் கிடந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய பெருமழையில் அதன் கழிவுக் குட்டையின் கரை உடைந்து எல்லாம் ஆற்றோடு வந்து ஏரியில் சேர்ந்தது. அதிகாரிகள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள்; போனவர்கள் போனவர்கள்தான். சந்தைக்குச் சந்தையின் புத்தி இருந்தது. கெட்டதெல்லாம் குடலிலும் கொழுப்பிலும்தான் தங்கும், அதை எடுத்துப் போட்டால் மீன் மீன்தான் என்றார்கள். அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. அதற்கும் முன்னால் ஒருமுறை வயல்களின் பூச்சிமருந்து ஏரியில் கலந்தபோது மீன்வள அதிகாரி ஒருவர் வந்து அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். அந்த நஞ்சுக்கு அது சரிதான்.

"அதைத்தானே மேடம் நான் வெட்டி எறிஞ்சேன்? குடலை, கொழுப்பை?"

"பூச்சிமருந்துதான் கொழுப்புல நிக்கும் அண்ணா. இது சதையில நிக்கும்." அவள் குரல் இறங்கிவிட்டது. "சதைன்னா புரதம்தானே. அந்தப் புரதத்துல அங்கங்க கந்தகம் இருக்கும், கொக்கி மாதிரி. பாதரசம் அந்தக் கொக்கியைப் பிடிச்சுதுன்னா விடாது."

"நான் உப்புப் போட்டு மூணு தண்ணி கழுவுவேன்."

"போகாதுண்ணா."

"நல்லா வேகவெச்சா?"

"வேகவெச்சாலும் போகாது."

அவன் கத்தியைக் கட்டையில் வைத்தான். கொட்டகைக் கூரையில் மழை இரைந்தது. பக்கத்துக் கட்டைக்காரன் யாரிடமோ செதிலுக்குத் தனிக்கூலி கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அவளும் பொய் சொல்லத் தெரியாதவள். புரதம் என்பது உடம்புக்குள் வேலை பார்க்கும் ஆள் மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு விதமாக மடிந்து நின்றால்தான் அதன் வேலை நடக்கும், பாதரசம் ஒட்டினால் அந்த மடிப்புக் குலைந்துபோகும் என்றாள். நரம்பில் இருப்பது குலைந்தால் மீனுக்கு நிழலைக் கண்டு ஓடத் தெரியாது என்றாள். அவனுக்கு அந்த வருஷத்து வலைக்காரர்களின் பேச்சு நினைவுக்கு வந்தது. 'பெரிய விராலெல்லாம் சண்டையே போடல, கன்னுக்குட்டி மாதிரி கூடவே வருது' என்று சிரித்தார்கள். நல்ல காலம் பிறந்துவிட்டது என்று எல்லோருமாக நினைத்தார்கள்.

"பொடி மீனைப் பெரிய மீன் தின்னுது. ஓயாமத் தின்னுது. எல்லாம் பெரிசுக்குள்ள போய்ச் சேருது" என்றாள்.

"பெரிசை நாம தின்னுறோம்."

"ஆமாண்ணா."

"வயித்துல பிள்ளை இருந்தா?"

அவள் ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். "அம்மாகிட்ட இருக்கிறதைவிடப் பிள்ளைகிட்ட அதிகமாப் போய்ச் சேரும்."

"எனக்கு ஒரு பொண்ணு மேடம்" என்றான். "மூணு வயசு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. இன்னும் உக்காரல."

அவன் வீடு ஒரு அறையும் சமையல்கட்டும். அறையில் பாதியைத் தையல் மிஷின் அடைத்துக்கொண்டிருக்கும். மனைவி தையல்காரி, தெருவில் பாதிப் பேரின் அளவு அவளுக்கு மனப்பாடம். மீதி அறையில் பாய், பாயில் குட்டி. குட்டிக்குத் தலை நிற்காது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆனால் மிஷின் ஓடும்போது அதன் கால் பக்கமாகப் படுக்கவைத்து அவள் உள்ளங்கையைப் பலகையில் வைத்துவிட்டால் போதும், அதிர்வு கையில் ஏற ஏற வாயெல்லாம் சிரிப்பாகிவிடும். அந்தச் சிரிப்புக்காகவே மனைவி சில சமயம் ஊசியில் நூல் கோக்காமல் வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள்.

அன்று அவன் போனபோது குட்டிக்குக் கால் நீவிக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு வேளை, ஒவ்வொரு காலுக்கும் நூறு தடவை மடக்கி நீட்டவேண்டும். அவன் வந்ததை அவள் கவனிக்கவில்லை.

"அம்மா மட்டும் அன்னைக்கு விழாம இருந்திருந்தா நீ இந்நேரம் தெருவெல்லாம் ஓடியிருப்பே. அம்மா பண்ணினது தப்புதான். அம்மாவை மன்னிச்சுடு, சரியா? நாப்பத்தி ரெண்டு, நாப்பத்தி மூணு..."

இது புதிதல்ல. இரண்டு வருஷத்துக்கும் மேலாக நடப்பது. அவன் கேட்டும் கேட்காதது போலச் செருப்பைக் கழற்றுவான். ஏனென்றால் அந்த எண்ணத்தை அவள் தலையில் வைத்ததே அவன்தான்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஆறாம் மாதத்தில் அலமாரி உச்சியிலிருந்த துணி மூட்டையை எடுக்க ஸ்டூலில் ஏறி, கால் இடறி விழுந்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிள்ளையும் நல்ல எடையில்தான் பிறந்தது. பிறந்த பத்தாம் மாதத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் மூளை நரம்பு பாதித்திருக்கிறது என்றார்கள். காய்ச்சல் வந்ததா, மருந்து ஏதாவது எடுத்தாயா, விழுந்தாயா என்று கேட்டார்கள். விழுந்தேன் என்றாள். வெளியே பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் நின்றபோது அவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "அன்னைக்கே சொன்னேன், ஸ்டூல்ல ஏறாதேன்னு."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அவன் மறுபடி அதைச் சொன்னதில்லை. சொன்னது தப்பு என்றும் சொன்னதில்லை. அன்றிலிருந்து குட்டிக்குக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நீவுவது ஒன்றையும் அவள் யாரையும் தொடவிடவில்லை. அவனையும் விடவில்லை. எல்லாவற்றையும் தண்டனை மாதிரி தனியாகச் செய்தாள்.

"என்ன அப்படியே நிக்கிறீங்க? தலையைத் துவட்டுங்க, தண்ணி சொட்டுது" என்றாள்.

அவன் துவட்டினான். சொல்லவில்லை.

மறுநாளும் சொல்லவில்லை. பதினொரு நாள் சொல்லவில்லை. சொன்னால் அவள் தலையிலிருந்து பாரம் இறங்கும். இறங்கி நேராக அவன் தலையில் ஏறும். அது நியாயம்தான். ஆனால் அவளுக்கு இருப்பது அவன் ஒருவன், அவனையும் வெறுத்துவிட்டால் இந்த ஒற்றை அறையில் அவள் யார் முகத்தைப் பார்ப்பாள் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டான். உள்ளபடி சொன்னால் அது பயம். வீட்டுக்கு மீன் கொண்டுவருவதை நிறுத்தினான்.

"மீன்வெட்டி வீட்டுல மீனுக்குப் பஞ்சமா? உலகத்துல எங்கேயாவது உண்டா?" என்று அவள் கேட்டாள்.

"சந்தையில வரத்து இல்ல."

இதற்கிடையில் பல்கலைக்கழகப் பெண்ணிடம் ஒருநாள் கேட்டான்.

"நிச்சயமாத் தெரிஞ்சுக்க வழி இருக்கா மேடம்?"

"ரத்தத்துல இப்போ தெரியாது. நாளாயிடுச்சு" என்றவள் யோசித்தாள். "அக்காவுக்கு முடி நீளமா?"

"இடுப்பு வரைக்கும்."

"மூணு நாலு வருஷத்துல நிறைய வெட்டினாங்களா?"

"அவளா? நுனியைக்கூடத் தொடவிடமாட்டா."

"முடியும் புரதம்தான் அண்ணா. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்குல வளரும். அந்தந்த மாசம் ரத்தத்துல என்ன இருந்துதோ அது அந்தந்தத் துண்டுல நின்னுடும். வேர்லேருந்து அளந்தா அந்தப் பத்து மாசம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுடலாம். ஆனா நீங்க அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கணும். சொல்லாம எடுத்தா நான் தொடமாட்டேன்."

அவனைச் சொல்லவைத்தது சந்தைக்கு மீன் கொண்டுவரும் படகுக்காரர் ஒருவரின் மருமகள். அவளுக்கு வயிற்றில் ஐந்து மாதம். கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக அவன் கட்டைக்கு வந்தாள். கையில் முழங்கை நீள விரால்.

"அண்ணா, உங்க கைவண்ணத்துல முள்ளில்லாம."

"இது வேண்டாம்மா. பொடி மீனா வாங்கிட்டுப் போ. பெரிசைத் தொடாதே."

"இதென்ன கதையா இருக்கு? உங்க வீட்டு அக்காவுக்கு மட்டும் பெரிசு பெரிசா ஊட்டினீங்களாம், எனக்குப் பொடியா?" என்று அவள் சிரித்தாள். கொட்டகையே சிரித்தது.

அவன் மீனைப் பிடுங்கிக் கட்டைக்கு அடியில் போட்டான். "ஊட்டினேன். அதான் சொல்றேன், வேண்டாம்" என்று கத்தினான். சிரிப்பு நின்றுவிட்டது. அவன் கொட்டகையில் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

மத்தியானம் அவன் வீட்டுக்குப் போவதற்குள் சங்கதி போய்விட்டது. மருமகள் சட்டை தைக்கக் கொடுக்க வந்தவள், அப்படியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மனைவி மிஷினில் உட்கார்ந்திருந்தாள், ஆனால் மிதிக்கவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட என்னங்க சொன்னீங்க? பயந்துபோய் வந்து நிக்குது. 'ஊட்டினேன், அதான் சொல்றேன்'னா என்ன அர்த்தம்?"

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்தான். உள்ளே வரத் தைரியம் இல்லை. மழை விட்டிருந்தது, கூரை முனையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னான். கழிவுக் குட்டை, பெரிய மீன், சதை, கொக்கி. ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது.

"அப்போ நான் விழுந்ததால இல்லையா?" என்றாள்.

"இல்லன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறதெல்லாம் வேண்டாம். எனக்கு நிச்சயமாத் தெரியணும். விழுந்ததால இல்லையா?"

"முடியைப் பாத்தாத் தெரியும்னு சொல்றாங்க."

கேட்ட மாத்திரத்தில் அவள் பின்னலை முன்னால் இழுத்து அவிழ்த்தாள். மேஜை மேலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். "வெட்டுங்க."

"இவ்வளவும் வேண்டாம். பென்சில் பருமனுக்கு ஒரு கொத்து போதும். வேரோட ஒட்டி வெட்டணும்."

"எவ்வளவு வேணுமோ வெட்டுங்க. மொட்டை அடிக்கணும்னாலும் அடிங்க."

அவன் ஆயிரக்கணக்கான மீன் வெட்டியவன். அந்த ஒரு கொத்து முடியை வெட்ட நாலு தடவை கத்தரியைக் கீழே வைத்தான். வேர்ப்பக்கம் எதுவென்று தெரிய அவள் அதில் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தாள். தையல்காரி அல்லவா, அவள் முடிச்சு அவிழாது.

முடிவு வர இருபது நாள் ஆயிற்று. அந்த இருபது நாளும் அவள் அவனோடு பேசினாள். அரிசி வாங்கிவரச் சொன்னாள், மிஷினுக்கு எண்ணெய் கேட்டாள். கோபமா, இல்லையா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. தூக்குக் கயிற்றுக்கு நாள் குறிக்கப்பட்டவன்கூட அவனைவிட நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

பல்கலைக்கழகப் பெண் வீட்டுக்கே வந்தாள். பாயில் குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை விரித்தாள். அதில் ஒரு கோடு தாழ்வாக வந்து, நடுவில் மேடாக எழும்பி, பிறகு கொஞ்சங்கொஞ்சமாக இறங்கியது.

"இந்த மேடுதான் அக்கா அந்தப் பத்து மாசம். இருக்கவேண்டிய அளவைப்போல பத்து மடங்குக்கு மேல இருக்கு" என்றாள். "இந்தக் குழந்தைக்கு இதனாலதான்னு எந்த டாக்டரும் கையெழுத்துப் போடமாட்டாங்க. ஆனா முடியோட நீங்க குடுத்தனுப்பின பழைய ஸ்கேன், டாக்டர் சீட்டு எல்லாத்தையும் எங்க டாக்டர்கிட்ட காட்டினேன். விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அவங்க அடிச்சுச் சொல்றாங்க."

"சம்பந்தமே இல்லையா?"

"இல்லக்கா."

மனைவி குட்டியை வாரி எடுத்தாள். "கேட்டியா? அம்மா இல்லையாம்! அம்மா விழுந்ததால இல்லையாம்! கேட்டியாடி என் கண்ணு?" என்று கன்னத்திலும் கழுத்திலும் வயிற்றிலும் முத்தமாகப் பொழிந்தாள். குட்டிக்குக் கூசிச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்ற அவனுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே நெஞ்சு வெடித்துவிடும் போலவும் இருந்தது.

அந்தப் பெண் கிளம்பிப் போனாள். மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி அவனைப் பார்த்தாள். கொஞ்சங்கொஞ்சமாக அந்த முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. யாரால் இல்லை என்பது தெரிந்துவிட்டால் யாரால் என்பதும் தெரிந்துவிடுகிறதே.

"திட்டு" என்றான்.

அவள் குட்டியைப் பாயில் கிடத்தினாள்.

"உன் காலைப் பிடிக்கிறேன். ஒரு வார்த்தை திட்டிடு. செருப்பால வேணும்னாலும் அடி. குமட்டுதுன்னு சொன்னே, கேக்காம நான்தான் ஊட்டினேன். இந்தக் கையாலதான் ஊட்டினேன். அப்புறம் உன் மேலேயே பழியைப் போட்டேன்."

"ஊட்டினதுக்கு உங்களை என்னன்னு திட்டுறது? ஆசையா ஊட்டினீங்க. தெரிஞ்சா ஊட்டினீங்க?" என்றாள். "பஸ் ஸ்டாப்புல சொன்னீங்களே, அதுக்குத்தான் திட்டணும். தெரியாமத்தானே நானும் விழுந்தேன்? ரெண்டு வருஷங்க. தினம் காலையில கண்ணு முழிச்சதும் முதல்ல அந்த வார்த்தைதான் ஞாபகம் வரும். அப்புறம்தான் விடிஞ்சுதுங்கிறதே தெரியும். 'விடு, பரவாயில்ல'ன்னு ஒருநாள் சொல்ல உங்களுக்கு வாய் வரலையே."

"வரல" என்றான்.

"நான் உங்களைத் திட்டமாட்டேன். அந்த மாதிரி ஒரு வார்த்தை என்ன கனம்னு எனக்குத் தெரியும். அதை என்னால இன்னொருத்தர் தலையில தூக்கி வைக்க முடியாது."

அவள் உள்ளே போனாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பான். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான்.

அவள் தட்டோடு வந்தாள். கீரையும் சோறும் குழைய மசித்திருந்தது. எப்போதும் போலக் குட்டியை மடியில் சாய்த்துக்கொண்டு ஊட்டப்போகிறாள் என்று அவன் நகர்ந்து இடம் விட்டான். ஆனால் அவள் குட்டியைத் தூக்கி அவன் மடியில் கிடத்தினாள். தலை சரியாமல் அவன் முழங்கையை மடக்கி முட்டுக்கொடுத்தாள். தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"இனிமே நீங்களும் ஊட்டுங்க. எனக்கும் கை வலிக்குது" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கும் மேலாக அவன் குட்டிக்கு ஊட்டியதே இல்லை. ஒரு கவளம் எடுத்தான். சின்னதாக, பிடி தளர்வாக, நசுக்கிப் பார்த்து, மறுபடி நசுக்கிப் பார்த்து எடுத்தான். சோறு வாசனை மூக்கில் பட்டதும் குட்டி வாயைத் திறந்தாள். அவன் கை பாதியிலேயே நின்றுவிட்டது. அதை அவனால் மேலே தூக்க முடியவில்லை. விரலிடுக்கிலிருந்து பருக்கைகள் குட்டியின் கழுத்தில் விழுந்தன. எந்தக் கையிலிருந்து வருகிறது என்று தெரியாமல், தெரிந்துகொள்ளவும் முடியாமல், அவள் திறந்த வாயை மூடாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

மனைவி கழுத்திலிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாள். அவன் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை, உதவவில்லை.

"ஊட்டுங்க" என்றாள். "அவளுக்குப் பசிக்குது."